உனக்கு மேளம் அடிக்கத் தெரியுமா?

(கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்காக நடந்த ஒருநாள் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் இசை பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் இருக்கிறது. கவிதை எழுதுகிறவன் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதி, நோட்டை மூடி வைத்துவிடலாம். பாட்டு அப்படி இல்லை. அது நாலு பேர் காதில் விழுந்தே ஆக வேண்டும். விழுந்த உடனே இவன் யாரு, எந்த ஊரு, எந்தத் தெரு, யார்கிட்ட கத்துக்கிட்டான் என்ற கேள்வி வந்துவிடும். கல்லூரிக்கு வந்த முதல் வருசத்தில் சாதி நம்மை எதிர்கொள்ளும் இடங்கள் சில உண்டு. வகுப்பறை ஒன்று. விடுதி இன்னொன்று. இவற்றைப் பற்றி நாம் நிறையப் பேசியும் எழுதியும் இருக்கிறோம். மூன்றாவதாக ஒரு இடம் இருக்கிறது. கல்லூரி இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கிறார்களே, அந்த அறை. அதைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

எனக்கு இசையில் பட்டம் கிடையாது, சான்றிதழும் கிடையாது. வங்கியில் எழுத்தர் வேலை. பகலில் பாஸ்புக்கில் வரவு வைக்கிறேன், ராத்திரியில் கவிதை எழுதுகிறேன். ஆனால் அந்த அறைக்குள் போய் வந்தவன். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

2007இல் ஒரு அரசு கலைக்கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். தங்கியது ஆதிதிராவிடர் நல விடுதியில். சேர்ந்து மூணாவது வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். பாடத் தெரிந்தவர்கள், இசைக்கருவி வாசிக்கத் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கலாம். கொடுத்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனேன். ஒரு கீபோர்டு, ஒரு ஜோடி தபேலா, ஒரு பேராசிரியர், ரெண்டு சீனியர்கள். எனக்கு முன்னால் போன பையன் ஆறு வருசம் பாட்டு கற்றவன். கண்ணை மூடிக்கொண்டு பாடினான், நல்லாத்தான் பாடினான். என்னைக் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கட்டையில பாடுவ?"

கட்டை என்றால் எங்கள் தெருவில் ரெண்டே அர்த்தம். ஒன்று அடுப்புக்கு. இன்னொன்று சுடுகாட்டுக்கு. சுருதிக்கும் கட்டை உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நான் விழித்தேன். "சரி, சும்மா பாடு" என்றார்கள். இளையராஜா பாட்டு ஒன்றைப் பாடினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். குரல் நல்லா இருக்கு, சுருதி சேரலை என்று ஒரு சீனியர் சொன்னார். அது நியாயமான விமர்சனம்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்துத்தான் விசயம் ஆரம்பித்தது.

"எங்க தங்கியிருக்க?"

"ஹாஸ்டல்ல சார்."

"எந்த ஹாஸ்டல்?"

சொன்னேன். பேராசிரியர் முகத்தில் வெறுப்பு எதுவும் வரவில்லை. சந்தோசம்தான் வந்தது. "அப்ப உனக்கு மேளம் அடிக்கத் தெரியுமா? ஃபோக் ஐட்டத்துக்கு ஆள் தேடிக்கிட்டு இருந்தோம்" என்றார்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் என்னைத் திட்டவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. வாய்ப்புத்தான் தந்தார். வன்கொடுமை என்று எந்தக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுக்க முடியாது. என் குரலைக் கேட்டபோது நான் சுருதி சேராத ஒரு பையன். என் விடுதியின் பெயரைக் கேட்டபோது நான் மேளக்காரன் ஆகிவிட்டேன். கையைப் பார்த்துக் கேட்டாரா, தாளம் போடச் சொல்லிப் பார்த்தாரா? இல்லை. முகவரியைப் பார்த்துக் கேட்டார். ஒருத்தனுக்கு என்ன தெரியும் என்பதை அவன் பிறந்த தெருவே முடிவு செய்துவிடுகிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களைப் பிரிப்பது என்று அம்பேத்கர் விளக்கியிருக்கிறார். ஒரு கீபோர்டும் ரெண்டு பெஞ்சும் கிடக்கும் அறையிலும் அது அப்படியே வேலை செய்கிறது.

"தெரியாது சார்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். எனக்கு அப்போது அடிக்கத் தெரியாது. என் அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அவர் பறையைத் தொட்டுப் பத்து வருசம் ஆகியிருந்தது.

அந்தக் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் 15 குடும்பங்களுக்கு மேளம்தான் ஊர்ப் பொறுப்பு. பொறுப்பு என்று நான் மரியாதையாகச் சொல்கிறேன். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும். "டேய், பெரியவரு பூட்டாரு, வாங்கடா." அவ்வளவுதான். காய்ச்சலாக இருந்தாலும், வீட்டில் பிரசவ வலியில் பெண்சாதி கிடந்தாலும் போயே ஆக வேண்டும். பாடை கிளம்பும் வரை அடிக்க வேண்டும், சுடுகாடு வரை அடித்துக்கொண்டு போக வேண்டும். கூலி பேசக் கூடாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், அதையும் துண்டை ஏந்தித்தான் வாங்க வேண்டும். 1997இல், நான் மூன்றாவது படிக்கும்போது, தெரு இளைஞர்கள் உட்கார்ந்து பேசி, இனிமேல் ஊர்ச் சாவுக்கு மேளம் இல்லை என்று முடிவெடுத்தார்கள். இருந்த பறைகளைத் தெரு முனையில் போட்டுக் கொளுத்தினார்கள். அதற்கப்புறம் மூணு மாசம் யாருக்கும் ஊர் நிலத்தில் வேலை கிடையாது, ஊர்க் கடையில் அரிசி கிடையாது. என் அம்மா எட்டு மைல் நடந்து வேறு ஊருக்குக் களையெடுக்கப் போனார். வடமாவட்டங்களில் இப்படிப் பறையைத் துறந்த ஊர்கள் பல. இது எங்கள் ஊர்க் கதை மட்டும் அல்ல.

அந்த வீட்டிலிருந்து வந்தவனைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. எதை விட்டொழிக்க எங்கள் அம்மா எட்டு மைல் நடந்தாரோ, அதையே கல்லூரி மேடையில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு செய் என்கிறார்கள். இது விடுதலையா, அதே ஊழியமா? எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இன்று உங்களில் பலருக்கும் இந்தக் கேள்வி வரும். ஆகவே கொஞ்சம் வரலாற்றுக்குப் போய்விட்டு வருவோம்.

தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை. புறநானூற்றில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நாலு குடிகளைச் சொல்லும் பாட்டு இருக்கிறது. இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். அதே பெயர் பிற்காலத்தில் இழிசொல்லாகி, கப்பலேறி, ஆங்கில அகராதியில் 'பரையா' என்று போய் உட்கார்ந்துகொண்டது. ஒதுக்கப்பட்டவன் என்று அதற்குப் பொருள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இழிவை அவர்கள் முகத்துக்கே திருப்பி, இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். நூறு வருசம் கழித்துத் தலித் இலக்கியம் பேசியதற்கு அவர் அன்றைக்கே அடி எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இசை என்றால் எது என்பதை 20ஆம் நூற்றாண்டில் சபாக்கள் முடிவு செய்தன. 1928இல் சென்னையில் மியூசிக் அகாடமி வந்தது. தெலுங்குக் கீர்த்தனைகளே ஓங்கி நிற்கின்றன, தமிழில் பாடு என்று தமிழிசை இயக்கம் கிளம்பியது. 1943இல் தமிழிசைச் சங்கம் வந்தது. அது தேவையான சண்டைதான். மேடையில் எந்த மொழி என்று கேட்டார்கள். மேடையில் எந்தத் தோல் என்று அந்தச் சண்டையில் கேட்கப்படவில்லை. தமிழ் உள்ளே போனது, பறை வாசலிலேயே நின்றது.

தோல் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். மிருதங்கத்துக்குப் பசுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் வேண்டும். அந்தத் தோலைத் தேடி, பதம் பார்த்து, வெட்டி, வாரிழுத்து, நாதம் வரும் வரை தட்டித் தட்டிச் சரிசெய்கிறவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். சுருதி தெரியாதவன் மிருதங்கம் செய்ய முடியுமா? முடியாது. ஆனாலும் செய்கிறவன் தொழிலாளி, வாசிக்கிறவன் வித்வான். இந்தக் கைகளைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஆங்கிலத்தில் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதன் வெளியீட்டுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியை விலக்கிக்கொண்டது. வேறு இடத்தில்தான் வெளியிட்டார்கள். தோலின் ஓசை அரங்கத்துக்குள் போகலாம், தோலின் கதை போகக் கூடாது. இதுதான் அவர்கள் வகுத்த எல்லை.

சரி, நம் பக்கத்தில் என்ன நடந்தது? மதுரை இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு என்று ஒருவர் இருந்தார். பரட்டை அண்ணன் என்றால்தான் பலருக்குத் தெரியும். 2005இல் இறந்துபோனார். தேவாலயத்துக்குள் கர்நாடக இசையும் மேல்நாட்டு இசையும் மட்டுமே புனிதம் என்றிருந்தபோது, கிராமத்து மெட்டிலேயே வழிபாட்டைக் கட்டினார். அவர் சொன்ன காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாட்டுப்புறப் பாட்டை யார் வேண்டுமானாலும் மாற்றிப் பாடலாம், அதற்கு ஒரு சொந்தக்காரன் இல்லை, ஆகவே அது விடுதலைக்கு உதவும் என்றார். இன்குலாப்பின் வரிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது கே.ஏ. குணசேகரனின் குரல். ரெண்டு பேரும் 2016இல், ஒருவர் சனவரியிலும் ஒருவர் டிசம்பரிலும் போய்விட்டார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. ஆண்கள் கருவி, தீட்டு என்று சொல்லப்பட்டதைப் பெண்கள் தோளில் மாட்டி ஆடினார்கள். 2018 சனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடை ஏறியது. கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில். அதிலிருந்து வந்த இசைவாணி 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதே 2025 மார்ச்சில் பண்ணைப்புரத்து இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார்.

இதையெல்லாம் கேட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். தீரவில்லை. மேடையில் பத்மஸ்ரீ கிடைத்த அதே ஊரில், பக்கத்துத் தெருச் சாவுக்கு 'வாங்கடா' என்று கூப்பிடுகிற குரலும் இருக்கலாம். இன்னொரு கூட்டம் புதிதாகக் கிளம்பியிருக்கிறது. பறை தமிழனின் ஆதி இசை, அதில் சாதியைக் கொண்டுவராதே என்கிறார்கள். சந்தோசம். அப்படியானால் அவர்கள் வீட்டுச் சாவுக்கு அவர்களே தோளில் மாட்டிக்கொண்டு அடித்துப் போகட்டும். அன்றைக்கு நாமும் ஒத்துக்கொள்வோம்.

இனி விடுதிக்கு வருகிறேன். என் இசைக் கல்லூரி அதுதான். ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர். டிரங்குப் பெட்டிதான் எங்கள் முதல் தாளக்கருவி. அடுத்தது சோற்றுத் தட்டு, அப்புறம் குளியலறை வாளி. ஒருத்தனிடம் எம்.பி.3 பாடும் கைப்பேசி இருந்தது. ஒரே பாட்டை இருபது முறை ஓடவிட்டு, பேஸ் கித்தார் எங்கே போகிறது, வயலின் எங்கே நுழைகிறது என்று கேட்டோம். நோட்டில் கோடு போட்டு எழுதினோம். உதவித்தொகை வந்த மாதம் ஆறு பேர் பணம் போட்டு, பழைய காஸியோ கீபோர்டு ஒன்று வாங்கினோம். மூணு கட்டை ஒலிக்காது. ஒலிக்காத கட்டையை விட்டுவிட்டு வாசிக்கப் பழகினோம்.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ஒன்று புரிந்தது. எனக்கு இசை தெரியாது என்று நான் நினைத்தது பொய். என் காது பழகிய காது. சின்ன வயதில் ராத்திரியில் மேளச் சத்தம் கேட்டால், பிணம் கிடக்கிறதா கிளம்பிவிட்டதா என்று அடியை வைத்தே சொல்லுவேன். சாமிக்கு அடிப்பது வேறு, சாவுக்கு அடிப்பது வேறு, நடந்துகொண்டே அடிப்பது வேறு. எங்கள் அத்தை ஒப்பாரி வைத்தால் ஒரு வரியைத் தாழ ஆரம்பித்து, மேலே கொண்டுபோய், மூச்சு முட்டும் இடத்தில் ஒடித்துக் கீழே இறக்குவார். தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் கேட்டபடியே தூங்கி, கேட்டபடியே விழித்தவர்கள் நாங்கள். இவ்வளவும் காதுக்குள் இருக்கிறது. இதற்கு மற்றவர்கள் வைத்த பெயர் சத்தம்.

எங்கள் அறையில் மூன்றாமாண்டு படிக்கும் அண்ணன் ஒருத்தர் இருந்தார். தென்மாவட்டம். அவர் தப்பு என்பார், நாங்கள் மேளம் என்போம், கூட்டத்தில் பேசினால் மட்டும் பறை என்போம். சனி ஞாயிறு ஆனால் அவர் நகரத்துச் சாவுகளுக்குப் போய் அடித்துவிட்டு வருவார். அந்தக் காசில்தான் தேர்வுக் கட்டணம் கட்டினார். எங்கள் ஊர்க் கதையைச் சொல்லி, நீங்க போகலாமாண்ணே என்று கேட்டேன். அவர் சொன்னார்: "உங்கப்பாவுக்குக் கொத்து வேலை தெரியும், விட்டாரு. எனக்கு இதுதான்டா தெரியும். நான் வெல பேசிட்டுத்தான் போறேன். பேசுன காசு தரலன்னா பாதியில எறங்கி வந்துருவேன். நீ கொளுத்துனா கொளுத்து. கொளுத்துனப்புறம் யாரு சோறு போடுவான்னும் சொல்லிட்டுக் கொளுத்து."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் நேராகவே கேட்டேன், காலேசுல மோளம் அடிக்கக் கூப்பிடறாங்க, கத்துக்கட்டுமா என்று. கோபப்படுவார் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் பீடியை இழுத்தார். பிறகு சொன்னார்: "நான் உட்டது மோளத்த இல்லடா. கூப்ட்டா போயே ஆவணுங்கறத உட்டேன். நீ போவமாட்டன்னு சொன்னா அவன் இன்னா பண்ணுவான்? ஒண்ணும் பண்ணமாட்டான் இல்ல? அப்ப கத்துக்கோ."

தலித் கலை பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். பறையை எரிப்பதா எடுப்பதா என்று நம் சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறார்கள். ரெண்டாம் வகுப்பு தாண்டாத என் அப்பா அதை ஒரு வரியில் தீர்த்துவிட்டார். மறுக்க முடிகிற இடத்தில் அடித்தால் அது இசை. மறுக்க முடியாத இடத்தில் அடித்தால் அது ஊழியம். கருவி ஒன்றுதான், அடியும் ஒன்றுதான். மறுக்கும் உரிமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கிராமத்தில் பறையைக் கொளுத்தியவனும் சரி, நகரத்தில் விலை பேசி அடிக்கிற அண்ணனும் சரி, ரெண்டு பேரும் அந்த உரிமையைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

அப்பா தானே சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்து ஊர் பெரியப்பா ஒருத்தரிடம் அனுப்பினார். பெரியப்பா முதல் நாள் பறையையே கையில் தரவில்லை. தீ மூட்டச் சொன்னார். வைக்கோல் போட்டு அனலில் தோலைக் காட்ட வேண்டும். கொஞ்சம் அதிகமானால் தோல் கிழியும், குறைந்தால் மந்தமாகக் கேட்கும். விரலால் தட்டித் தட்டி, "இப்ப பேசுது பாரு" என்பார். அதுதான் சுருதி சேர்ப்பது! எத்தனை கட்டை என்று கேட்டார்களே, பெரியப்பா அதை நெருப்பில் சேர்த்தார். அப்புறம் இடது கையில் நீளமான மூங்கில் குச்சி, வலது கையில் குட்டையான தடிக் குச்சி. ரெண்டும் தனித்தனியாகப் பேசப் பழகவே ஒரு மாதம் ஆனது.

ரெண்டாம் பருவத்தில் கல்லூரி விழா வந்தது. ஃபோக் ஐட்டத்துக்குப் பின்னால் நின்று அடிக்கிறீர்களா என்று மறுபடியும் கேட்டார்கள். விடுதியிலிருந்து ஆறு பேர் போய் மூணு விசயம் சொன்னோம். நாங்கள் தனி நிகழ்ச்சியாகத்தான் செய்வோம். அழைப்பிதழில் எங்கள் பெயர் வர வேண்டும். இசைக்கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் பறை வாங்க வேண்டும். முதல் ரெண்டுக்கும் சம்மதித்தார்கள். மூன்றாவதுக்கு, அதற்கெல்லாம் விதியில் இடமில்லை என்றார்கள். கித்தாருக்கு இடம் இருந்தது. நாங்களே பெரியப்பா ஊரிலிருந்து பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

அன்றைக்கு மழை. தோல் தொங்கிப்போய்விட்டது. அரங்கத்துக்குப் பின்னால் தீ மூட்ட அனுமதி கேட்டோம், ஆபத்து என்று மறுத்துவிட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டு மூலையில் பழைய தினத்தந்திகளைக் கொளுத்திக் காய்ச்சினோம். ஏழு நிமிசம் அடித்தோம். நிறையப் பேர் எழுந்து நின்று ஆடினார்கள். முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். மறுநாள் வகுப்பில் ஒருத்தன் என்னைப் பார்த்து, மூக்கில் பஞ்சு வைத்த பிணம் மாதிரி பெஞ்சில் படுத்துக் காட்டினான். பத்துப் பேர் சிரித்தார்கள். அதில் மேடைக்குக் கீழே நேற்று ஆடியவர்களும் இருந்தார்கள். இதை மறைக்காமல் சொல்கிறேன். பறை அடித்தால் மறுநாளே மரியாதை வந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் என்ன செய்தோம்? அடுத்த விழாவிலும் பெயர் கொடுத்தோம். அதற்கடுத்த விழாவிலும் கொடுத்தோம். மூன்றாவது வருசம் அழைப்பிதழில் எங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இப்போது வங்கியில் உட்கார்ந்து பார்ப்பதையும் ஒன்று சொல்கிறேன். கணக்கு தொடங்கும் படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு நாள் அறுபது வயதுக்காரர் ஒருத்தர் வந்தார். கையில் குச்சி பிடித்த காய்ப்பு. என்ன தொழில்ங்க ஐயா என்று கேட்டேன். "கூலி" என்றார். மேளம் அடிப்பீங்களா என்றேன். சிரித்தார். "நாப்பது வருசமா அதான் தம்பி." அப்ப இசைக் கலைஞர்னு எழுதட்டுமா என்று கேட்டேன். பதறிப்போனார். "வேணாம் தம்பி, கூலின்னே எழுது. நூறுநாள் வேலக் காசு வராம பூடப்போவுது."

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் விளக்கியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கூலி என்றுதான் எழுதினேன். அவர் பயம் நியாயமானது. கலைஞன் என்ற பெயர் அவருக்கு இதுவரை ஒரு வேளைச் சோறும் போட்டதில்லை. ஆகவே பெயர் மாற்றத்தோடு நாம் திருப்திப்பட்டுவிடக் கூடாது. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இருக்கிறது. அதில் உங்கள் தெருக் கலைஞர்கள் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். படித்தவன் செய்ய வேண்டிய இசைப்பணியில் அதுவும் ஒன்று.

கடைசியாக, முதலாண்டு மாணவர்களுக்கு நான் பட்டறிவாகச் சொல்வது சில.

இசைக்குழுவுக்குப் பெயர் கொடுங்கள். கூச்சப்பட்டு ஒதுங்காதீர்கள். நாம் ஒதுங்குவது அவர்களுக்கு வசதி. மேளம் அடிக்கத் தெரியுமா என்று கேட்டால், தெரிந்தால் தெரியும் என்று சொல்லுங்கள், கூடவே கீபோர்டும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள். நம் பிள்ளைக்குப் பறை மட்டும்தான் என்பதும் ஒரு சேரிதான்.

சுருதி, ராகம், மேல்நாட்டு இசைக்குறிப்பு எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள். அது பார்ப்பன இசை, இது வெள்ளைக்காரன் இசை என்று சொல்லி அறிவை யாருக்கும் பட்டா எழுதிக் கொடுக்காதீர்கள். பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேல்நாட்டு இசையைக் கற்றார், அதனால் அவர் கிராமத்து மெட்டு அழிந்துவிடவில்லை. அரசு மாவட்ட இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் அங்கே கற்றுத் தருகிறார்கள். போய்ச் சேருங்கள். அந்த ஏழோடு எட்டாவதாகப் பறை எங்கே என்று உள்ளே இருந்துகொண்டே கேளுங்கள்.

ஊருக்குப் போகும்போது கைப்பேசியை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் உட்காருங்கள். ஒவ்வொரு அடிக்கும் பெயர் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பாட்டியின் ஒப்பாரியை அவர் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். என் பெரியப்பா இறந்தபோது அவர் அடித்த நடையில் பாதியை என்னோடு கற்ற யாராலும் அடிக்க முடியவில்லை. பதிவு எதுவும் இருக்கவில்லை. அவருடனேயே போய்விட்டது.

மாணவிகளுக்குத் தனியாக ஒன்று. ஆண்கள் விடுதியில் நாங்கள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை பெட்டியைத் தட்டிக்கொண்டு இருந்தோம். உங்களுக்கு ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். பயிற்சி எல்லாம் ஆறு மணிக்கு மேல்தான் வைப்பார்கள். பயிற்சியைப் பகலில் வை என்று கேட்பது உங்கள் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். இதில் ஆண் தோழர்கள் உங்களோடு வந்து நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அவர்கள் பேசுகிற விடுதலை பாதி விடுதலைதான்.

வருகைப் பதிவை விட்டுவிடாதீர்கள். 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். நம் வீட்டில் இரண்டாவது முறை படிக்கவைக்கப் பணம் கிடையாது. இசைக்காகப் படிப்பை விட்டவன் கதையைச் சினிமாவில் பார்த்துக் கைதட்டலாம், நமக்கு அது கட்டாது.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். இசைக்கருவிகளுக்கான இருப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கட்டணத்தில் வாங்கியதுதான் அது, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கித்தார், தபேலா, கீபோர்டு என்று எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே பறை, ஆறு எண்ணம் என்று ஒரு வரி எழுதவைக்க முடியுமா பாருங்கள். ஒரு வருசத்தில் முடியாமல் போகலாம். அடுத்த வருசம் வருகிற பிள்ளைகளிடம் அந்தக் கோரிக்கையை ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.